பக்கவாட்டில் மூன்று படி

அத்தியாயம் 14

கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தையைச் செங்கல் வைத்துக் கட்டி, மேலே சிமென்ட் பூசி, அது வெடித்துவிடாமல் காலையும் மாலையும் தண்ணீர் வேறு ஊற்ற வேண்டியிருந்தால் ஒருத்திக்கு எப்படி இருக்கும்? பதினோரு நாளாக நம் மாத்திரைக்கு அப்படித்தான் இருக்கிறது.

இடையில் இரண்டு வாரம் விட்டுப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம். மருந்துக்கடையில் வேலை. ஆள் சின்ன உருவம், பேச்சில் கசப்பு ஜாஸ்தி. அதனால் கல்யாணமான புதிதில் புருஷனான பஸ் கண்டக்டர் அவளுக்கு வைத்த பெயர் மாத்திரை. இப்போது கடையில் முதலாளி முதல் வாடிக்கையாளர் வரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பதினோரு நாளாகக் கூப்பிடாதவர் ஒருவர்தான். பெயர் வைத்தவர்.

இரண்டு பேருக்கும் பிள்ளை இல்லை. பதினேழு வருஷம், ஆறு வாடகை வீடு. பக்கத்துப் போர்ஷனில் தும்மினால் இங்கே கேட்கும், இங்கே அழுதால் அங்கே கேட்கும். சொந்த வீடு என்று ஒன்று வந்துவிட்டால் இந்த மனிதர் வாயைத் திறந்து பேசுவார் என்று அவள் நம்பியிருந்தாள். பஸ்ஸில் நாள் முழுக்க ஆயிரம் பேரிடம் பேசுகிறவர், வீட்டுக்கு வந்தால் பையோடு சேர்த்து வாயையும் ஆணியில் மாட்டிவிடுவார். அடுத்த வீட்டுக் காதுக்குப் பயந்துதான் அப்படி இருக்கிறார் என்று அவளாக ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். மனை வாங்கி, அஸ்திவாரம் தோண்டி, கல் போட்டு, பேஸ்மட்டம் இடுப்பு உயரத்துக்கு வந்ததெல்லாம் அந்த நம்பிக்கையில்தான்.

மூன்றாவது அறையைத் தன் தையல் மிஷினுக்கு என்று மனசுக்குள் ஒதுக்கியிருந்தாள். ஒருநாள் மேஸ்திரி வந்து, "அக்கா ரூமுக்குப் படி எந்தப் பக்கம் வரணும்?" என்று கேட்டார். எந்த அக்கா, எந்த ரூம் என்று அவள் கண்டக்டரைப் பார்த்தாள். என் அக்கா ஓய்வு பெற்றதும் இங்கேதான் வந்து இருக்கப்போகிறார், இரண்டு வருஷத்துக்கு முன்பே வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் அவர். மேஸ்திரிக்குத் தெரிந்திருக்கிறது. ஜல்லி இறக்க வந்த லாரிக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கலாம். கட்டின பெண்டாட்டிக்குத் தெரியவில்லை.

"அப்படின்னா அவங்க வாசலை வெளியே வெச்சுடுங்க. என் ஹால் வழியா யாரும் போக வர வேண்டாம்" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டாள்.

கண்டக்டர் தரையைப் பார்த்தார். "அவ சொன்ன மாதிரியே வெச்சுடுங்க" என்றார். அதோடு சரி. அன்றிலிருந்து வீட்டில் பேச்சில்லை. வாய்ச்சண்டைக்கு ஆயுசு ஒரு ராத்திரி. ஊமைச்சண்டைக்கு ஆயுசு கெட்டி.

மேஸ்திரிதான் சொன்ன சொல் தவறாதவர் ஆயிற்றே. மறுநாளே பேஸ்மட்டத்தின் பக்கவாட்டில், சந்துப் பக்கம் பார்த்த மாதிரி, மூன்று படி கட்டி முடித்துவிட்டார். அந்தப் படிகளுக்குத்தான் மாத்திரை தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

*

இன்று கடைக்கு லீவு. காலை எட்டு மணிக்கு அவள் மனைக்கு வந்தபோது மேஸ்திரி பேஸ்மட்டச் சுவர் மேல் குந்தி உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு மக்கு நிறையத் தண்ணீர். அவளைப் பார்த்ததும் அந்தத் தண்ணீரைச் சுவர் விளிம்பில் ஊற்றினார். தண்ணீர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பின்பக்கமாக ஓட ஆரம்பித்தது. முப்பதடி சுவரையும் கடந்து, மூன்றாவது அறையின் மூலையில் போய்ச் சொட்டியது.

"மட்டம் போச்சு, தங்கச்சி" என்றார் மேஸ்திரி. "பின்பக்க மூலை இறங்கியிருக்கு."

நாளைக்குக் காலையில் சுவர் மேல் சுற்றிலும் பெல்ட் கான்கிரீட் போடக் கலவை மிஷினுக்குச் சொல்லியாகிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, இறங்கின இடத்தில் கான்கிரீட்டைக் கொஞ்சம் தடியாகப் போட்டுச் சரிக்கட்டிவிடலாம், ஆனால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் திரும்பக் கோடு போட்டாக வேண்டும் என்றார். பிறகு தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். "என் புத்தியைச் சொல்லணும். புருஷன் பொண்டாட்டி சேர்ந்து புடிச்ச மட்டமாச்சே, தப்பா இருக்காதுன்னு பார்க்காம கட்டிட்டேன்."

எந்த நிமிஷத்தில் தப்பு நடந்தது என்று மாத்திரைக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

மட்டம் பார்க்கிற முறை ரொம்பச் சாதாரணம். நீளமான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். முன்பக்கக் கல்தூணில் மேஸ்திரி சிவப்பாக ஒரு கோடு போட்டிருக்கிறார். ஒருவர் குழாயின் ஒரு முனையை அந்தக் கோட்டோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் மறுமுனையை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போக வேண்டும். தண்ணீர் ஆடி அடங்கி, சிவப்புக் கோட்டைத் தொட்டதும் இவர் "நின்னுச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். அப்போது அந்த முனையில் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே அவர் கோடு போட வேண்டும். அஸ்திவாரம் போட்டபோது இருவரும் சேர்ந்து இதே மாதிரி பிடித்தார்கள். நின்னுச்சா, நிக்கலை, நின்னுச்சா, அட நின்னுச்சுடி மாத்திரை என்று சிரிப்பும் கத்தலுமாக எட்டு மூலைக்குக் கோடு போட்டார்கள். மேஸ்திரியே அசந்துபோய், இனி இந்த வேலைக்கு நீங்களே போதும் என்று சொல்லியிருந்தார். அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமையும் அவர்களிடமே விட்டுவிட்டுப் போனார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊமைச்சண்டையின் நான்காவது நாள். கண்டக்டர் கல்தூணில் நின்றார். அவள் மூன்றாவது அறையின் மூலையில் நின்றாள். நின்னுச்சா என்று அவள் கேட்கவில்லை, நின்னுச்சு என்று அவரும் சொல்லவில்லை. கடைசியில் அவர் கையைத் தூக்கினார். சரி என்கிறார் போலிருக்கிறது என்று அவள் கோடு போட்டாள்.

அவர் நெற்றி வியர்வையைத் துடைக்கத்தான் கையைத் தூக்கினார். அது அப்போதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. திரும்பக் கேட்டால் முதலில் பேசினவள் ஆகிவிடுவோமே என்று விட்டுவிட்டாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு வீடு மட்டமாக நின்றிருக்கும். இதை மேஸ்திரியிடம் எப்படிச் சொல்வாள்? குழாயில் காற்று நுழைந்திருக்கும் என்று பொதுவாகச் சொல்லிவைத்தாள்.

"காத்தா? இருக்கும்" என்றார் மேஸ்திரி. அவர் நாற்பது வருஷமாக வீடு கட்டுகிறவர், எந்த வீட்டில் எந்தக் காற்று என்று அவருக்குத் தெரியும்.

வேலையாட்கள் இருவரும் அன்றைக்கென்று வேறு இடத்தில் கம்பி வளைக்கப் போயிருந்தார்கள். கோடு போட மேஸ்திரி இருக்கிறார், இரண்டு முனையையும் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். சாயங்காலம் கண்டக்டர் வரட்டும் என்று முடிவாயிற்று. போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார் மேஸ்திரி. நாளைக்கு பெல்ட் போட்டால் மறுநாளே நிலை நிறுத்தணும், வாசல் மாற்றம் ஏதாவது இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்றார். மாத்திரை தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.

*

பதினோரு மணிக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கினவரைப் பார்த்ததும் மாத்திரையின் கையிலிருந்த ஹோஸ் நழுவித் தரையில் கிடந்து பீய்ச்சியது.

வார்டன் அக்கா. கண்டக்டரின் ஒரே அக்கா. அப்பா அம்மா போன பிறகு தம்பியை வளர்த்துப் படிக்க வைத்தவர், தனக்கென்று கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். முப்பத்தொரு வருஷமாகப் பெண்கள் விடுதி ஒன்றில் வார்டன். வருஷத்துக்கு ஒருமுறை தம்பி வீட்டுக்கு வருவார், நாற்காலி நுனியில் உட்காருவார், ஏழு மணிக்குப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வேண்டும் என்று அன்றைக்கே கிளம்பிவிடுவார். ரொம்பக் கெத்து என்று மாத்திரை நினைத்துக்கொள்வாள். ஒருநாள் தங்கிட்டுப் போங்க என்று தான் கூப்பிட்டதே இல்லை என்பது அவளுக்கு நினைவு வந்ததில்லை.

"தம்பிதான் போன் பண்ணான். பேஸ்மட்டம் ஏறிடுச்சு, உன் ரூமை வந்து பாருன்னான். உங்கிட்ட சொல்லலையா?" என்றார்.

"சொன்னாரு அண்ணி. நான்தான் மறந்துட்டேன்" என்றாள் மாத்திரை. அவர் சொல்லவில்லை என்று சொன்னால் ஏன் சொல்லவில்லை என்றும் சொல்ல வேண்டும்.

அக்கா செருப்பை ஒரு ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். கூரையும் இல்லாத, சுவரும் எழும்பாத இடத்தில் செருப்பைக் கழற்றினது அவர் ஒருவர்தான். ஹால் இது, சமையலறை இது என்று மாத்திரை காட்டிக்கொண்டே வந்தாள். பேஸ்மட்டம் மட்டும் இருக்கும்போது எந்த அறையைப் பார்த்தாலும் குளியலறை மாதிரி சின்னதாகத்தான் தெரியும், சுவர் ஏறினால் பெரிதாகிவிடும் என்று மேஸ்திரி எல்லோரிடமும் சொல்கிற சமாதானத்தைச் சொன்னார். அக்கா மூன்றாவது அறைக்குள் இறங்கி அடிமேல் அடி வைத்து அளந்தார். இங்கே கட்டில், இங்கே டிரங்குப் பெட்டி, இங்கே ஒரு நாற்காலி. அளந்து முடித்துவிட்டு, இப்போது இருக்கிற அறையைவிட இரண்டு அடி பெரிசு என்றார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. மாத்திரை அந்த முகத்தில் அதுவரை பார்க்காத சந்தோஷம்.

"ஹாலுக்குப் போற வாசல் எங்கே வருது?"

மாத்திரை மேஸ்திரியைப் பார்த்தாள். மேஸ்திரி அவசரமாகக் கரணையைக் கழுவப் போய்விட்டார்.

அக்கா சுற்றிலும் பார்த்தார். ஹால் பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், பிறகு பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார். சந்துப் பக்கம் பார்த்து மூன்று படி. ஈரம் காயாமல் பளபளவென்று இருந்தது.

"ஓ" என்றார். "நல்லதுதான். ராத்திரியில எனக்கு இருமல் வரும். யாருக்கும் தொந்தரவில்லை" என்றார்.

கோபித்துக்கொண்டிருந்தால்கூட மாத்திரை பதிலுக்கு எதையாவது சொல்லித் தப்பித்திருப்பாள். இவர் அதற்கும் வழி வைக்கவில்லை. அவள் மேஸ்திரியைத் தேடிக்கொண்டு போய், மட்டம் தப்பிப்போன கதையை இல்லாத அவசரத்தோடு பேச ஆரம்பித்தாள். அக்காவும் கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார்.

"ரெண்டு பேர்தானே வேணும்? நான் ஒரு முனையைப் புடிக்கிறேன்" என்றார்.

*

அக்கா கல்தூணுக்குப் போனார். மாத்திரை மறுமுனையோடு மூலைக்குப் போனாள். அப்போது அக்கா அங்கிருந்து, "தண்ணி சரியாத் தெரியலை. என் பையில கண்ணாடி இருக்கு, கொஞ்சம் எடுத்துட்டு வா" என்றார்.

பையைத் திறந்தாள். கண்ணாடிக் கூடுக்கு மேலே மடிக்காத ஒரு காகிதம். வேண்டுமென்று படிக்கவில்லை. பெரிய எழுத்து, கண்ணில் பட்டுவிட்டது. முதியோர் இல்லத்தில் சேர்வதற்கான விண்ணப்பம். அக்காவின் பெயரும் பிறந்த தேதியும் மட்டும் நீல மையில் எழுதியிருந்தது. கீழே ஒரு கேள்வி. கூட வைத்துப் பார்த்துக்கொள்ள உறவினர் உண்டா? பக்கத்தில் இரண்டு கட்டம். ஒன்றில் உண்டு, ஒன்றில் இல்லை. இரண்டிலும் அக்கா ஒன்றும் போடவில்லை.

கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

"நின்னுச்சு!" என்று அக்கா ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள். தெருமுனையில் போன சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றுவிட்டார். மூன்று மாடிக்குக் கேட்கிற மாதிரி முப்பத்தொரு வருஷம் பெயர் கூப்பிட்ட தொண்டை அது. மேஸ்திரி சிரித்தே விட்டார்.

"நின்னுச்சா அண்ணி?" என்று மாத்திரையும் கத்த வேண்டியதாயிற்று. "நிக்கலை, ஆடுது, இரு... நின்னுச்சு!" என்று பதில் வந்தது. ஒரு மூலை, இரண்டு மூலை, நாலு மூலை. பதினேழு வருஷத்தில் நாத்தனாரோடு அவள் இவ்வளவு நேரம் பேசினதில்லை. பேசினதெல்லாம் ஒரே வார்த்தை என்றாலும் தொண்டை கட்டுகிற அளவுக்குப் பேசினாள். பதினோரு நாளாகப் பேசாத தொண்டைக்கு அது வேண்டியும் இருந்தது.

பின்பக்க மூலை ஒன்றே முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. மேஸ்திரி புதுக் கோடு போட்டு, ஆணியடித்து, நூல் கட்டினார். வேலை முடிந்து முகம் கழுவும்போது மாத்திரைக்கு என்ன தோன்றியதோ, ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அக்காவிடம் சொல்லிவிட்டாள். தானும் அவரும் பேசிக்கொள்வதில்லை என்பதையும், வியர்வை துடைக்கத் தூக்கின கையைப் பார்த்துக் கோடு போட்டதையும் சொன்னாள். எதனால் பேசிக்கொள்வதில்லை என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான், பரீட்சை ஹாலில் வியர்வை துடைக்கக் கையைத் தூக்கினால், சந்தேகம் கேட்கிறான் என்று வாத்தியார் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார் என்றார். சிரித்து முடித்தவர் படிகளின் பக்கம் ஒருமுறை பார்த்தார். எதனால் என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

மாத்திரை சாப்பாட்டு டப்பாவைத் திறந்து இரண்டாகப் பிரித்தாள். அக்கா தன் பங்கை எடுத்துக்கொண்டு போய் அந்தப் படிகளிலேயே உட்கார்ந்தார். நடுப்படி. என் படியில் நான்தானே முதலில் உட்காரணும் என்று விளையாட்டாகச் சொன்னார். சாப்பிட்டு முடித்துவிட்டு மேஸ்திரியிடம், "உங்க பென்சிலைக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டு வாங்கினார். பேனா தீர்ந்துபோச்சு, ஊருக்குப் போனதும் செய்ய வேண்டியதைக் குறித்துவைக்கிறேன் என்றார். முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து எழுதினார். மாத்திரை டப்பா கழுவிக்கொண்டிருந்தாள்.

*

மூன்று மணிக்கு இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பையை மாத்திரை வாங்கிக்கொண்டாள். அக்கா மறுத்தார், அப்புறம் விட்டுவிட்டார்.

நிறுத்தத்தில் வேறு யாருமில்லை. அக்கா முந்தானையால் சிமென்ட் பெஞ்சைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த மாதம் முப்பதாம் தேதியோடு வேலை முடிகிறது என்றார். பிறகு, யாருக்கோ முகவரி சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"நான் இங்க வந்து இருக்கப்போறதில்லைம்மா. என்கூட வேலை பார்த்தவங்க ஒருத்தங்க ஒரு இல்லத்துல இருக்காங்க. அங்கயே போயிடலாம்னு போன மாசமே முடிவு பண்ணிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"அண்ணி..."

"அவன்கிட்ட இப்ப சொல்லாத. ஆசையாக் கட்டிக்கிட்டிருக்கான். குடி வர்ற வரைக்கும் சொல்லாத. உன்னால முடியும்."

சொல்லியிருக்கலாம். வாசலை உள்ளே வைக்கச் சொல்றேன், வாங்க அண்ணி என்று ஒரு வரி. பக்கத்தில் யாரும் இல்லை, பஸ்ஸும் வரவில்லை. முடிவு பண்ணிவிட்டேன் என்கிறவரிடம் வாங்க என்று சொன்னால் அது உபசாரம் ஆகிவிடாதா, அந்த மூன்று படிக்கு மேல் இன்னொரு அவமானம் ஆகிவிடாதா என்று மாத்திரை யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள். இவளும் கண்டக்டருக்கு ஏற்ற ஜோடிதான்.

அக்கா எழுந்து போய் வருகிற வண்டியைச் சாலையில் எட்டிப் பார்த்தார். அந்த நேரத்தில் மாத்திரை பையைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்து, நாலாக மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். திருட்டுதான், வேறென்ன சொல்வது? வாயால் முடியாததைக் கை செய்தது. பஸ் வந்தது. பையைக் கொடுத்தாள். அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தலையசைத்தார். பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்று மாடிக்குக் கேட்கும் குரல் உள்ளவர், போயிட்டு வரேன் என்று சொன்னது மாத்திரைக்கே சரியாகக் கேட்கவில்லை.

பஸ் திரும்பின பிறகு காகிதத்தைப் பிரித்தாள்.

மேலே பெயரும் தேதியும் மெல்லிய நீல மையில் இருந்தன. கீழே, இல்லை என்ற கட்டத்தில், தடித்த கறுப்புக் குறி. கொத்தனார் பென்சிலின் குறி. அதன்மேல் விரலை வைத்தபோது கரி ஒட்டியது.

போன மாசமே முடிவு பண்ணினாராம். மாத்திரை யாருமில்லாத அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அடுத்த போர்ஷன் இல்லாத இடத்தில் அழ வேண்டும் என்று பதினேழு வருஷமாக ஆசைப்பட்டவள். ஆசை இப்படியா நிறைவேற வேண்டும்?

*

மனைக்குத் திரும்பி வந்ததும் முதல் வேலையாக மேஸ்திரியிடம் சொன்னாள். "மூணாவது ரூம் வாசல் ஹால் பக்கம் வரணும். அந்தப் படியை எடுத்துடுங்க."

மேஸ்திரி ஏன் என்று கேட்கவில்லை. படியை இடிக்கிற அன்றைக்கு அந்தச் செங்கல்லை வேறு எங்காவது பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார். சாக்பீஸால் ஹால் பக்கச் சுவர் மேல் மூன்றரை அடிக்கு இரண்டு கோடு போட்டு, நடுவில் வாசல் என்று எழுதினார். அவர் எழுதுகிற வரைக்கும் அவள் பக்கத்திலேயே நின்றாள்.

ஐந்தரை மணிக்கு டிக்கெட் பையோடு கண்டக்டர் வந்தார். புது நூலைப் பார்த்தார். மேஸ்திரி விஷயத்தைச் சொன்னார். அக்கா ஒரு முனை, தங்கச்சி ஒரு முனை, தெருவே நின்னு வேடிக்கை பார்த்துச்சு என்றார். கண்டக்டர் மூலைவரை நடந்து போனார். திரும்பி வரும் வழியில் சாக்பீஸ் கோடு கண்ணில் பட்டது. குனிந்து அந்த எழுத்தைப் படித்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

மேஸ்திரி சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இருவரும் எதிரெதிர்ச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இன்னும் மண் நிரப்பாத ஹால். கண்டக்டர் தொண்டையைச் செருமினார்.

"அக்காவுக்கு ரூம் புடிச்சுதா?"

பதினோரு நாளுக்கு அப்புறம் முதல் பேச்சு. இதற்காக எத்தனை ராத்திரி காத்திருந்தாள். இப்போது வந்திருக்கிறது, உண்மையான பதிலைச் சொல்லாதே என்று அக்கா சொல்லிவிட்டுப் போன பிறகு வந்திருக்கிறது.

"புடிச்சுது. இப்ப இருக்கிறதைவிட ரெண்டு அடி பெருசுன்னாங்க" என்றாள். அதில் பொய் இல்லை.

அவர் முகம் மலர்ந்தது. அக்கா கட்டிலை எந்தப் பக்கம் போடலாம், ஜன்னலை இன்னும் கொஞ்சம் பெரிசாக வைக்கலாமா, இருமலுக்குக் காற்று ஆகுமா என்று கேட்டுக்கொண்டே போனார். இந்த மனிதருக்கு இவ்வளவு பேச்சு உண்டா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த போர்ஷன் காரணம் அல்ல என்று புரிந்தது. வேண்டிய விஷயம் இருந்தால் பேசுகிறார். இடுப்பில் காகிதம் குத்தியது. "தாங்க்ஸ், மாத்திரை" என்றார் அவர். ஏதோ ஒரு பெரிய பாரத்தைத் தன் தலையிலிருந்து இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டது தெரியாமல் சிரித்தார்.

கண்டக்டரின் போன் அடித்தது. "அக்காதான்" என்று எடுத்தார். ரூம் எப்படி, பஸ்ஸில் இடம் கிடைத்ததா என்று இரண்டு கேள்வி கேட்டார். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்து, ஹாலைச் சுற்றிக்கொண்டு வந்து அவளிடம் நீட்டினார். "உங்கிட்டதான் பேசணுமாம்."

மாத்திரை வாங்கினாள். அந்தப் பக்கம் தட்டுகளின் சத்தம், பெண்பிள்ளைகளின் கூச்சல்.

"என் பையில ஒரு காகிதம் இருந்துச்சும்மா. அங்க எங்கயாவது விழுந்திருக்கா பாரு."

"எங்கிட்டதான் இருக்கு அண்ணி."

"படிச்சியா?"

"படிச்சேன்."

கண்டக்டர் பக்கத்திலேயே நிற்கிறார். மத்தியானம் பெஞ்சில் சொல்லாமல் விட்ட வரியை இப்போது சொல்லியே ஆக வேண்டும், யார் நின்றாலும் சரி. "வாசலை உள்ள மாத்தியாச்சு அண்ணி. ஹால் பக்கம். மேஸ்திரி கோடு போட்டுட்டாரு. நீங்க வாங்க" என்றாள். ஒரே மூச்சில் வந்துவிட்டது.

அந்தப் பக்கம் கூச்சல் அடங்கியது. எங்கேயோ தனியாக வந்து நின்று பேசுகிறார் போலிருக்கிறது. குரல் ரொம்பத் தணிந்து வந்தது.

"எப்ப மாத்தின? காகிதத்தைப் படிக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

முன்னாடி என்று சொன்னால் போதும். ஒரே வார்த்தை. அக்கா நம்பக்கூடும். ஆனால் பகலில் இருவரும் குழாயின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, நின்றதை நின்றது என்றும் நிற்காததை நிற்கவில்லை என்றும்தான் சொல்லியிருந்தார்கள். அந்தக் குரலிடம் அவளுக்குப் பொய் வரவில்லை.

"பின்னாடி" என்றாள்.

"ம்" என்றார் அக்கா. விடுதி மணி அடித்தது. "கணக்கெடுக்கணும், வெச்சுடறேன்."

போன் நின்றுவிட்டது. மாத்திரை அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சந்துப் பக்கம் மூன்று படியும் இருட்டிக்கொண்டு வந்தன. அன்றைக்குச் சாயங்காலம் அவற்றுக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

கண்டக்டர் அவள் முகத்தைக் குனிந்து பார்த்தார். பதினேழு வருஷத்தில் அவர் அவளை இப்படிப் பார்த்துக் கேட்டதே இல்லை.

"என்ன பின்னாடி? என்ன படிச்சே? சொல்லு மாத்திரை, நான் கேட்கிறேன்" என்றார்.